வேலியா, மேடையா? வுட்ஸ்டாக்கை நடத்திய ரெண்டு நண்பர்களின் கணக்கு

இந்த நிகழ்ச்சிக்கு வரும் மெசேஜ்களில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று இருக்கு. "நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து ஈவென்ட் கம்பெனி ஆரம்பிக்கப் போறோம், ஏதாவது சொல்லுங்க." நான் பிசினஸ் ஆலோசகர் கிடையாது. வரலாறு பேசுற ஆள். அதனால் பழைய கதை ஒன்றைச் சொல்றேன். ஈவென்ட் உங்க எல்லோருக்கும் தெரிந்ததுதான், வுட்ஸ்டாக். அதை நடத்தின ரெண்டு பேரைத்தான் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

1969 ஆகஸ்ட் மாதம், நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால்பண்ணை நிலம். நாலு லட்சத்துக்கும் மேல் கூட்டம், மழை, சேறு, கடைசியில் திங்கட்கிழமை காலையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கிட்டார். அந்தப் புகைப்படங்களைப் பார்த்திருப்பீங்க. அதில் மைக்கேல் லாங் என்ற இளைஞரும் இருப்பார். சுருட்டை முடி, தோல் அங்கி, மோட்டார் பைக். வுட்ஸ்டாக்கை யார் நடத்தினது என்று கேட்டால் பெரும்பாலும் அவர் பெயரைத்தான் சொல்வாங்க. ஆனால் அந்த மூன்று நாளும் டெலிபோனைக் காதிலிருந்து எடுக்காமல் ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் ஜான் ராபர்ட்ஸ். அவருடைய கூட்டாளி ஜோயல் ரோசன்மன். எந்த போஸ்டரிலும் இவங்க முகம் இல்லை. இன்றைய எபிசோட் இந்த ரெண்டு பேரைப் பற்றி.

1966-ல் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இவர்கள் முதலில் சந்திக்கிறார்கள். கொஞ்ச நாளில் நியூயார்க்கில் ஒரே அபார்ட்மென்ட். ராபர்ட்ஸ் பணக்கார வீட்டுப் பையன். அம்மா வழிக் குடும்பம் பல்செட் பொருட்களும் மருந்துகளும் தயாரிக்கும் பெரிய கம்பெனி நடத்தியது. அதில் அவருக்குச் சேர வேண்டிய பங்கு ஒரு அறக்கட்டளைக் கணக்கில் இருந்தது. ரோசன்மன் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். ஆனால் வக்கீலாக உட்கார மனசில்லை, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். ஒருத்தரிடம் பணம் இருக்கு, இன்னொருத்தரிடம் படிப்பு இருக்கு. என்ன செய்யணும் என்ற தெளிவு மட்டும் ரெண்டு பேரிடமும் இல்லை.

சரி, ஒரு டிவி சிரிப்புத் தொடர் எழுதுவோம் என்று ஆரம்பித்தார்கள். கதை இதுதான்: பணம் நிறைய, புத்தி கொஞ்சம் என்று இருக்கும் ரெண்டு இளைஞர்கள் வாரா வாரம் ஏதாவது ஒரு தொழிலில் இறங்கி மாட்டிக்கொள்வார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. வாரா வாரம் புதுத் தொழிலுக்கு எங்கே போவது? அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழிதான் அழகு. 1968-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிலும் நியூயார்க் டைம்ஸிலும் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். எங்களிடம் அளவில்லாத மூலதனம் இருக்கிறது, நேர்மையான, சுவாரசியமான தொழில் யோசனை இருந்தால் எழுதுங்கள் என்கிற பொருளில். கதைக்குக் கரு தேடித்தான் கொடுத்த விளம்பரம். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. மண்ணில் தானாக மக்கிப்போகும் கோல்ஃப் பந்து செய்யலாம் என்று எழுதினவர்கூட உண்டு.

கடிதங்களைப் படிக்கப் படிக்க, தொடர் எழுதும் ஆசை போய், நிஜமாகவே தொழில் செய்யும் ஆசை வந்துவிட்டது. எழுத நினைத்த கேரக்டர்களாக அவங்களே ஆகிட்டாங்க. நியூயார்க்கில் மீடியா சவுண்ட் என்ற ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஒன்று கட்டும் வேலையில் இறங்கினார்கள்.

அந்த ஸ்டுடியோ வழியாகத்தான் மற்ற ரெண்டு பேரும் உள்ளே வருகிறார்கள். பல இடங்களில், மைக்கேல் லாங்கும் ஆர்டி கார்ன்ஃபெல்டும் பேப்பர் விளம்பரத்தைப் பார்த்து வந்ததாக எழுதியிருப்பார்கள். அப்படி இல்லை. இவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு வக்கீல். லாங் 1968-ல் மயாமியில் ஒரு பாப் திருவிழா நடத்தியவர். கார்ன்ஃபெல்ட் கேபிட்டல் ரெக்கார்ட்ஸில் பெரிய பதவியில் இருந்த பாடலாசிரியர். 1969 பிப்ரவரி வாக்கில் நாலு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை.

லாங் கொண்டுவந்த யோசனை, வுட்ஸ்டாக் என்ற ஊரில் இசைக் கலைஞர்களுக்கு ஒரு ஸ்டுடியோ கட்டுவது. பாப் டிலன் மாதிரி ஆட்கள் அந்தப் பக்கம் வசித்த காலம் அது. திறப்பு விழாவுக்கு ஒரு கச்சேரி வைக்கலாம் என்பது அந்தத் திட்டத்தில் ஒரு சின்ன வரி. ராபர்ட்ஸும் ரோசன்மனும் ஸ்டுடியோவை விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டுடியோ ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கு, கச்சேரி நடத்தி வர்ற லாபத்தில் அடுத்ததைக் கட்டலாமே என்பது கணக்கு. வுட்ஸ்டாக் வென்ச்சர்ஸ் என்ற கம்பெனி பிறந்தது. ஆளுக்கு 25 சதவீதம்.

இந்த 25 சதவீதத்தில் கொஞ்சம் நிற்கணும். நாலு பேருக்கும் சமமான பங்கு, பார்க்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் வங்கியில் கடனுக்கு ஈடாக நின்றது ராபர்ட்ஸின் குடும்பச் சொத்து. லாபம் வந்தால் நாலாகப் பிரியும், நஷ்டம் வந்தால் ஒருத்தர் தலையில் விழும். ஒப்பந்தம் எழுதின அன்றைக்கு இது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கும் கம்பெனிகளில் நான் பார்த்தவரைக்கும் இதுதான் சகஜம். லோகோவுக்கு மூணு நாள் உட்கார்ந்து பேசுவாங்க, செக்கில் யார் கையெழுத்து என்பதை அஞ்சு நிமிஷத்தில் முடிச்சிடுவாங்க.

வேலை எப்படிப் பிரிந்தது தெரியுமா? லாங் கலைஞர்களையும் இடத்தையும் பார்த்துக்கொண்டார். கார்ன்ஃபெல்ட் விளம்பரத்தையும் பட உரிமையையும் கவனித்தார். ராபர்ட்ஸும் ரோசன்மனும் டிக்கெட், பணம், கணக்கு. முதலில் எந்தப் பெரிய இசைக்குழுவும் வரவில்லை. யாரென்றே தெரியாத பையன்களை நம்பி யார் தேதி கொடுப்பார்கள்? ஏப்ரலில் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு 10,000 டாலருக்கு ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். கல்யாண மண்டபத்துக்கு முதல் ஜோடி கிடைக்கிற வரைக்கும்தான் கஷ்டம் என்பார்களே, அந்த மாதிரி.

இடம் மட்டும் வழுக்கிக்கொண்டே போனது. வுட்ஸ்டாக் ஊரிலேயே சரியான இடம் இல்லை. வால்கில் என்ற ஊரில் 300 ஏக்கர் தொழிற்பேட்டை நிலத்தை 10,000 டாலருக்கு எடுத்தார்கள். வேலையும் ஆரம்பித்தாயிற்று. ஊர்க்காரர்களுக்கு ஹிப்பிக் கூட்டம் என்றாலே வயிற்றில் புளி. 5,000 பேருக்கு மேல் கூடினால் தனி அனுமதி வேண்டும் என்று ஜூலையில் புது விதி போட்டார்கள். ஜூலை 15 அன்று அனுமதி இல்லை என்று தீர்ப்பே வந்துவிட்டது. சொன்ன காரணம், இவர்கள் வைக்கப்போகும் தற்காலிகக் கழிப்பறைகள் ஊர் விதிகளுக்குப் பொருந்தாது என்பது. நம்ம ஊரில் ஈவென்ட் பண்ணினவங்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. நிஜமான காரணம் ஒன்று, ஃபைலில் எழுதும் காரணம் வேறு.

தேதியைக் கவனிச்சீங்களா? ஜூலை 15. நிகழ்ச்சி ஆகஸ்ட் 15. டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கு, கலைஞர்களுக்கு அட்வான்ஸ் போயாச்சு, மூன்று நாளுக்கு 18 டாலர் என்று பேப்பரில் விளம்பரம் ஓடுது. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு மண்டபம் இல்லை என்று சொன்ன கதை. கையில் இருப்பது ஒரே ஒரு மாதம்.

அப்போதுதான் பெத்தல் என்ற ஊரில் மேக்ஸ் யாஸ்கர் கிடைக்கிறார். அந்தப் பக்கத்தில் பெரிய பால்பண்ணைக்காரர். ஹிப்பிகளின் அரசியலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. வியட்நாம் போரை ஆதரித்த குடியரசுக் கட்சி ஆள். ஆனாலும் பையன்களுக்கு ஒரு நியாயம் நடக்கணும் என்று நினைத்தார். அக்கம்பக்கத்தில் அவர் பாலை வாங்காதீர்கள் என்று பலகை வைத்தார்கள், அதற்கும் அவர் அசரவில்லை. நிலம் பெரிய கிண்ணம் மாதிரி சரிந்து இறங்கும், கீழே மேடை போட்டால் மேலே இருப்பவருக்கும் தெரியும். வுட்ஸ்டாக் ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பெயரை மாற்றவில்லை. அந்த முடிவுக்குப் பின்னாடி வருவோம். இடம் மாறினதும் போஸ்டரையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆர்னால்ட் ஸ்கோல்னிக் சில நாளில் செய்து கொடுத்ததுதான் கிட்டாரின் கழுத்தில் வெள்ளைப் பறவை உட்கார்ந்திருக்கும் அந்தப் படம்.

இப்போ எபிசோடின் தலைப்புக்கு வருவோம். ஒரு மாதத்தில் முடிக்க வேண்டியது என்னென்ன? மேடை, ஒலிபெருக்கிக் கோபுரங்கள், மின்சாரம், தண்ணீர், ரோடு, கழிப்பறை, வேலி, டிக்கெட் கவுன்டர். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது வேலை பார்த்தவர்கள் வந்து நேரடியாகச் சொல்லிவிட்டார்கள். வேலியும் கேட்டும் முடிக்கிறோம், அல்லது மேடை முடிக்கிறோம். ரெண்டும் முடியாது.

வேலி இல்லாவிட்டால் வருமானம் இல்லை. மேடை இல்லாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை, அதுவும் ஏற்கெனவே பல்லாயிரம் பேர் புல்வெளியில் வந்து உட்கார்ந்துவிட்ட நிலையில். பெத்தல் அதிகாரிகளிடம் சொல்லியிருந்தது 50,000 பேர். முன்பதிவில் மட்டும் விற்றிருந்தது சுமார் 1,86,000 டிக்கெட். உள்ளே வந்து உட்கார்ந்த கூட்டத்தை எழுப்பி, வெளியே போய் டிக்கெட் காட்டிவிட்டு வாங்க என்று சொல்ல முடியுமா? மேடையைக் கட்டினார்கள். வேலி பாதியில் நின்றது, அதையும் கூட்டம் சாய்த்துவிட்டது. இனி இது இலவசக் கச்சேரி என்று ஜான் மோரிஸ் மேடையிலிருந்து அறிவித்தார். அந்த அறிவிப்பைப் பெருந்தன்மையின் உச்சம் என்று இன்றும் கொண்டாடுவாங்க. எனக்கு அதில் பெருந்தன்மை தெரியவில்லை. வேறு வழி எதுவுமே மிச்சமில்லாத நிலையில் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதைக் கேட்டபோது ராபர்ட்ஸ் கலவரம் பண்ணவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை, நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. பெருந்தன்மை என்று ஒன்று இருந்தால் அது அங்கே இருக்கு.

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ரிச்சி ஹேவன்ஸ் மேடையேறினார். முதலில் பாட வேண்டியவர்கள் டிராஃபிக்கில் மாட்டியதால் அவரைத் தள்ளிவிட்டார்கள். அவருக்குப் பிறகு ஹெலிகாப்டரில் வந்து இறங்கித் தொடக்க உரை ஆற்றியவர் யார் தெரியுமா? சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர். வெள்ளைத் தாடியோடு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒலியைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் பேசின கொங்கு நாட்டு மனுஷர். அன்று ராத்திரி மழையில் ரவிசங்கர் சிதார் வாசித்தார். தேதி ஆகஸ்ட் 15 என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேடைப் பக்கம் இப்படி. டெலிபோன் பக்கம் வேற உலகம். காவலுக்கு வர வேண்டிய நியூயார்க் போலீஸ்காரர்களுக்குக் கடைசி நேரத்தில் மேலிடம் அனுமதி மறுத்துவிட்டது. ஒழுங்கைப் பார்த்துக்கொண்டது ஹாக் ஃபார்ம் என்ற ஹிப்பி சமூகத்து ஆட்கள். கூட்டத்துக்கு அவர்களே பெரிய பெரிய அண்டாக்களில் சமைத்தும் போட்டார்கள். உணவுக் கடை ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு இவ்வளவு கூட்டத்துக்குச் சமைத்த அனுபவமே இல்லை. விலையை ஏற்றியதும் கோபத்தில் சில கடைகளைக் கூட்டம் கொளுத்திவிட்டது. பக்கத்து ஊர்ப் பெண்கள் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள். ராணுவ ஹெலிகாப்டர்கள் மருந்தும் டாக்டர்களும் கொண்டுவந்தன. ஆளுநர் ராக்கஃபெல்லர் 10,000 தேசியக் காவல் படையினரை அனுப்பப் போவதாகச் சொன்னபோது, வேண்டாம் என்று பேசித் தடுத்தவர் ராபர்ட்ஸ். துப்பாக்கியோடு பத்தாயிரம் பேர், எதிரே போரை வெறுக்கும் நாலு லட்சம் இளைஞர்கள். அந்த ஒரு போன்காலை நினைத்துப் பாருங்க.

சனிக்கிழமை ராத்திரி இன்னொன்று. தி ஹூ, கிரேட்ஃபுல் டெட் ரெண்டு குழுவும் பணம் கைக்கு வராமல் மேடை ஏறமாட்டோம் என்றார்கள். இலவசம் என்று அறிவித்தாச்சே, இவனுங்ககிட்ட இனி என்ன இருக்கும் என்ற பயம். தப்பு சொல்ல முடியாது. இவங்க வாசிக்காவிட்டால் இருட்டில் அந்தக் கூட்டம் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஊர் வங்கி மேலாளரை ராத்திரியில் எழுப்பி, வங்கியைத் திறக்கவைத்து, ராபர்ட்ஸின் சொந்தப் பெயரில் வங்கிக் காசோலைகள் எழுதி வாங்கினார்கள். ரெண்டு குழுவும் வாசித்தது. ரசிகர்கள் கேட்டது இசை. அதற்குக் கீழே ஒரு இருபத்து நாலு வயசுப் பையன் தன் சொத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அமைதியாக முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். போதை மருந்தால் ஒருவர் இறந்தார். வயலில் உறைப்பைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பதினேழு வயசுப் பையன் மேல் டிராக்டர் ஏறியது. கணக்கு என்று வரும்போது இதுவும் அதில் உண்டு.

திங்கட்கிழமை. பெத்தலில் குப்பை மலையாகக் கிடக்கு. நியூயார்க்கில் வங்கிக்காரர்கள் எதிரே நாலு கூட்டாளிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடன் பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. 1969-ல் பத்து லட்சம் டாலர்! கம்பெனியைத் திவாலாக்கிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம், சட்டப்படி அதற்கு வழி இருந்தது. ராபர்ட்ஸ் அதைச் செய்யவில்லை. அவர் குடும்பம் வங்கிக்கு உத்தரவாதம் கொடுத்தது. சில வாரங்களிலேயே கூட்டணி உடைந்தது. லாங்கும் கார்ன்ஃபெல்டும் ஆளுக்கு முப்பதாயிரம் டாலர் சொச்சம் வாங்கிக்கொண்டு விலகினார்கள். கம்பெனியும் கடனும் ராபர்ட்ஸ், ரோசன்மன் கையில்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் ரோசன்மன்தான். ராபர்ட்ஸ் விலக முடியாது, சொத்து மாட்டியிருக்கு. ரோசன்மனுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. யேலில் படித்த வக்கீல், எங்கே போனாலும் வேலை. அவரும் மற்றவர்கள் மாதிரி ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போயிருந்தால் யாரும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. அக்கம்பக்க விவசாயிகளும் மற்றவர்களும் போட்ட வழக்குகள் எண்பதுக்கு மேல். ஒவ்வொன்றாகப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. 1974-ல் ரெண்டு பேரும் இன்னொரு எழுத்தாளரோடு சேர்ந்து இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார்கள். தங்களையே கேலி பண்ணிக்கொண்டு எழுதின புத்தகம்.

கடன் எப்படி அடைந்தது? டிக்கெட்டால் இல்லை. கார்ன்ஃபெல்ட் வார்னர் பிரதர்ஸோடு பேசி முடித்த பட ஒப்பந்தம் ஒன்று இருந்தது இல்லையா, அதுதான் காப்பாற்றியது. மைக்கேல் வாட்லி எடுத்த வுட்ஸ்டாக் ஆவணப்படம் 1970-ல் வந்தது. எடிட்டிங் அறையில் இருந்தவர்களில் ஒருவர், அப்போது யாருக்கும் தெரியாத மார்ட்டின் ஸ்கார்செஸி. படம் சக்கைப்போடு போட்டது, ஆஸ்கரும் வாங்கியது. பெரும் லாபம் ஸ்டுடியோவுக்கு. இவர்களுக்கு வந்தது சின்னப் பங்கு, இசைத்தட்டுகளிலும் அப்படித்தான். அந்தச் சின்னப் பங்கைச் சேர்த்துச் சேர்த்து 1980 வாக்கில்தான் கடன் தீர்ந்தது. மூன்று நாள் நிகழ்ச்சிக்குப் பத்து வருஷத் தவணை.

ஈவென்ட் தொழிலில் எல்லாமே அடுத்த நாள் பிரித்து லாரியில் ஏறிவிடும். மேடை, விளக்கு, பந்தல் எதுவும் மிஞ்சாது. இவர்களிடம் மிஞ்சியது ஒலிநாடா, படச்சுருள், அந்தப் பறவை, பிறகு பெயர். நடக்காத ஊரின் பெயரை விடாமல் வைத்திருந்தார்கள் என்று சொன்னேனே, அந்தப் பெயர்தான் பின்னால் கம்பெனியின் சொத்தே ஆனது. 1994-ல், இருபத்தைந்தாவது ஆண்டுக்கு, சாகர்டீஸ் என்ற ஊரில் மறுபடியும் வுட்ஸ்டாக் நடந்தது. அதை நடத்தினவர்கள் பட்டியலில் ராபர்ட்ஸ், ரோசன்மன் ரெண்டு பேரோடு மைக்கேல் லாங்கின் பெயரும் இருக்கு. இருபத்தைந்து வருஷம் கழித்துத் திரும்ப ஒரே மேஜைக்கு வந்திருக்காங்க. அங்கே என்ன பேசினாங்க என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

ஜான் ராபர்ட்ஸ் 2001-ல், 56 வயதில் இறந்தார். அதுவரைக்கும் அவரும் ரோசன்மனும் கூட்டாளிகள்தான். 2019-ல் ஐம்பதாவது ஆண்டுக்கு லாங் இன்னொரு வுட்ஸ்டாக் நடத்தப் பார்த்தார். பணம் போடுவதாகச் சொன்ன நிறுவனம் ஏப்ரலில் விலகிவிட்டது. முதல் இடம் கை நழுவியது. அடுத்த இடம் வெர்னன் என்ற ஊர், அங்கே ஜூலை மாதம் அனுமதி மறுத்துவிட்டார்கள். 1969-ல் வால்கில்லில் நடந்த அதே கதை, அதே ஜூலை. இந்தத் தடவை பால்பண்ணைக்காரர் யாரும் வரவில்லை, ராத்திரியில் வங்கியைத் திறக்கவைத்துக் கையெழுத்துப் போட ராபர்ட்ஸும் இல்லை. மாதக் கடைசியில் நிகழ்ச்சி ரத்து.

பெத்தலில் அந்தச் சரிவு இன்னும் அப்படியே இருக்கு. மேலே ஒரு அருங்காட்சியகம் கட்டியிருக்காங்க. அமெரிக்கா போற நண்பர்கள் யாராவது போனால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.